சுவர் இருந்தால்தானே சித்திரம்

(கடற்கரை ஊர் ஒன்றில் நடந்த எழுவர் கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, விழாவுக்குத் தலைமை தாங்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்டக் கால்பந்துச் சங்க நிர்வாகிகளே, எனக்கு முன்னால் பேசி இந்த மேடையைச் சூடாக்கிவிட்டுப் போன ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, உடற்கல்வி ஆசிரியர்களே, கோப்பையை வென்ற, தோற்ற தம்பிகளே, தங்கைகளே, கடலுக்குப் போகாமல் இன்று மைதானத்துக்கு வந்திருக்கும் என் மாமன்மார்களே, மச்சான்மார்களே, அம்மாமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பந்தல் போட்ட இளைஞர்களுக்கும், நேற்றிரவு மழைத் தண்ணீரை வாளியால் இறைத்து மைதானத்தைக் காயவைத்த பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு வணக்கம். நீங்கள் இல்லை என்றால் இன்று இறுதி ஆட்டம் இல்லை. பரிசுத் தொகை தந்த வெளிநாட்டு நண்பர்களின் பெயரைப் பங்குத்தந்தை ஏற்கெனவே வாசித்துவிட்டார். அவர்களுக்கும் நன்றி.

என்னிடம் கேட்ட தலைப்பு, 'இந்தியாவின் இரண்டாம் நிலை லீகில் ஒரு சீசன்'. 2023-24 ஐ-லீக்கை எடுத்துக்கொள்கிறேன். மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். ஒன்று, மேலே ஏறிய அணி. இரண்டு, கீழே விழுந்த அணிகள். மூன்று, அவர்கள் ஆடிய மைதானங்கள்.

அதற்கு முன் ஒரு பழமொழி. சுவர் இருந்தால்தான் சித்திரம். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது பழகிய பல்லவி. இன்றைக்கும் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அது முதல் நிலைக்குப் போனது, ஐ-லீக் இரண்டாம் நிலைக்கு வந்தது. ஐ-லீக்கில் சாம்பியன் ஆனால் சூப்பர் லீக்குக்கு ஏறலாம் என்ற வழி 2022-23 சீசனில்தான் திறந்தது. முதலில் ஏறியது பஞ்சாப். அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங். 1891-ல் தொடங்கிய கொல்கத்தா கிளப். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டு கொல்கத்தா லீகை வென்ற கிளப். அப்பேர்ப்பட்ட பழைய கிளப்புக்கு ஒரு தேசிய லீக் பட்டம் கிடைக்க 2024 ஏப்ரல் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று ஷில்லாங்கில், லாஜோங் அணியின் சொந்த ஊரிலேயே, முதல் நிமிடத்தில் முகமதனுக்கு ஒரு கோல். லாஜோங் பெனால்டியில் சமன் செய்தது. இடைவேளைக்குப் பிறகு ரஷ்ய வீரர் கோஸ்லோவ் அடித்த கோலில் 2-1. ஓர் ஆட்டம் மீதி இருக்கும்போதே பட்டம் உறுதியாகிவிட்டது. 24 ஆட்டங்களில் 52 புள்ளிகள். இரண்டாம் இடம் ஹைதராபாத்தின் ஸ்ரீநிதி டெக்கான்.

பட்டம் என்றதும் எனக்கு நம்ம ஊர்ப் பட்டம் நினைவுக்கு வருகிறது. தலைவர் அம்மா அனுமதித்தால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். ஐ-லீக்கின் கடைசிச் சுற்று, சென்னை சிட்டிக்கும் மினர்வா பஞ்சாபுக்கும் ஆட்டம். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலமும். சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. நாம் ஜெயித்தால் கதை முடிந்தது. சமன் செய்து, அங்கே அவர்கள் ஜெயித்துவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். நாகர்கோவிலில் இரவு ரயில் ஏறினோம். கூட வந்த மாமா ஒருவர் வழிநெடுக ஜெபமாலை உருட்டிக்கொண்டே வந்தார். நம் கடற்கரைப் பையன் மைக்கேல் ரெஜின் அந்த அணியில் இருக்கிறான் அல்லவா, அந்தப் பாசம். ரொமாரியோ ஜேசுராஜ், எட்வின் வான்ஸ்பால் என்று தமிழ்ப் பெயர்கள் பட்டியலில் இருந்த அணி அது. கோச் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர்.

ஸ்டேடியத்தில் உட்கார்ந்து சீட்டைச் சூடாக்கக்கூட இல்லை, மூன்றாவது நிமிடமே மினர்வா கோல் அடித்துவிட்டது. பக்கத்தில் இருந்த கோயம்புத்தூர் அம்மா ஒருவர், கையில் பொட்டலம் கட்டிய புளிசாதம், "ஏனுங்க, அவ்வளவுதானுங்களா?" என்கிறார். மாமா பதில் சொல்லவில்லை. மணிகள் மட்டும் வேகமாக உருண்டன. இடைவேளை வரை 0-1. இடைவேளையில் யாரும் எழுந்து போகவில்லை. டீக்காரர்தான் வரிசை வரிசையாக வந்தார், அவரும் "ஒரு கோல் போதும்ணா" என்று எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டே டீ ஊற்றினார்.

அப்புறம் பெனால்டி. பெத்ரோ மான்சி பந்தை வைக்கிறார். அந்த சீசனில் 21 கோல் அடித்த மனிதர். ஸ்டேடியமே வாயடைத்துப் போனது. கோல்! 1-1. ஆனால் சமனை நம்பி இருக்க முடியாதே. அந்த நேரம் பின்வரிசைப் பையன் போனைப் பார்த்துக் கத்துகிறான், "லே மக்கா, கோழிக்கோட்டுல கோகுலம் அடிச்சாச்சு!" அங்கே ஈஸ்ட் பெங்கால் பின்தங்கிவிட்டது. இங்கே கௌரவ் போரா, அசாம் பையன், தடுப்பாட்டக்காரர், 2-1 ஆக்கிவிட்டார். மாமா எழுந்து அந்த அம்மாவின் புளிசாதத்தைத் தட்டிவிட்டார். அம்மா கோபிக்கவில்லை. "போகட்டும்ங்க, கோல் வந்துருச்சுல்ல" என்றார். ஆனால் நிம்மதி எங்கே? கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒன்று அடித்தது, இன்னொன்றும் அடித்தது. இனி இங்கே மினர்வா ஒரு கோல் போட்டால் எல்லாம் போச்சு. கடைசியில், கூடுதல் நேரத்தில், அதே போரா மறுபடியும். 3-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 43-க்கு 42, தமிழ்நாட்டுக்கு முதல் தேசிய லீக் பட்டம். மாமா ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அழுதார். ரயிலில் திரும்பும்போதும் அழுதார்.

கைதட்டுங்கள், தாராளமாகக் கைதட்டுங்கள். ஆனால் இதையும் கேளுங்கள். 2021-22 சீசன் தொடங்கியபோது ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. நான் சொல்லவந்த 2023-24 சீசனில் 13 அணிகள். காஷ்மீரிலிருந்து ஓர் அணி, மிசோரமிலிருந்து ஓர் அணி, கேரளத்திலிருந்து ஓர் அணி. தமிழ்நாட்டிலிருந்து ஒன்றும் இல்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம், மக்களே.

சரி, விழுந்தவர்கள் கதைக்கு வருகிறேன். மணிப்பூரின் நெரோக்கா, டிராவ் என்று இரண்டு கிளப்புகள். நெரோக்கா 2017-18-ல் இதே லீகில் இரண்டாம் இடம் பிடித்த அணி. 2023 மே மாதம் அந்த மாநிலத்தில் கலவரம் வெடித்தது. இம்பாலில் குமன் லம்பாக் என்று பெரிய ஸ்டேடியம் இருக்கிறது. அங்கே ஆட முடியவில்லை. சொந்த ஊர் ஆட்டம் என்று அட்டவணையில் எழுதியிருக்கும், ஆடுவது வேறு மாநிலத்தில். கைதட்ட அம்மா இல்லை, திட்ட அண்ணன் இல்லை. வீட்டில் என்ன ஆனதோ என்ற பயத்தோடு அந்தப் பையன்கள் 24 ஆட்டம் ஆடினார்கள். பட்டியலில் கடைசி இரண்டு இடங்களும் அவர்களுக்கே. இரண்டு அணிகளும் மூன்றாம் நிலையான ஐ-லீக் 2-க்கு இறங்கின. அவர்களுக்குத் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கால்பந்துக்கு மணிப்பூர் எத்தனை பிள்ளைகளைக் கொடுத்திருக்கிறது!

அந்த சீசனை மைதானத்தை வைத்துப் பாருங்கள், வேறு கணக்கே தேவையில்லை. இன்டர் காசி என்று பெயர், ஆனால் காசியில் ஆடவில்லை, வங்காளத்தில் கல்யாணியில் ஆடியது. டெல்லி எஃப்சி என்று பெயர், ஆடியது பஞ்சாபில் மாஹில்பூரில். சாம்பியன் முகமதனே கொல்கத்தாவை விட்டு நைஹாட்டிக்குப் போய்த்தான் ஆடியது. இரண்டாம் இடம் பிடித்த ஸ்ரீநிதிக்கு ஹைதராபாத்தில் சொந்த மைதானம் இருக்கிறது. இன்னொன்று கேளுங்கள். அதே சீசனில் ஐ-லீக்குக்குள் வந்த அணி நாம்தாரி. லூதியானா மாவட்டத்தில் பைனி சாகிப் என்கிற கிராமம். நகரம் இல்லை, கிராமம்! அங்கே அவர்களுக்கென்று ஒரு மைதானம். அந்தக் கிராமத்துக்கு ஹைதராபாத்திலிருந்தும் ஸ்ரீநகரிலிருந்தும் அணிகள் வந்து ஆடின. அது பஞ்சாப் கிராமத்தில் முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது?

ஏறிப்போன முகமதன் அடுத்த சீசனில் சூப்பர் லீகில் கடைசி இடம். அதைப் பற்றி நிறையப் பேசலாம். ஆனால் எனக்கு அவசரமான வேலை இங்கே இருக்கிறது.

இப்போது நாம் நிற்கும் இந்த மைதானம். வடக்குப் பக்கம் கடைகள் கட்டலாம், தெற்கில் வண்டி நிறுத்தலாம் என்றெல்லாம் பேச்சு அடிபடுகிறது. கடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே வேண்டாம் என்கிறேன். ஏற்கெனவே கடல் நம் மணலைத் தின்றுவிட்டது. என் வயதுக்காரர்கள் பந்து விளையாடிய கடற்கரை இன்று அலைத் தடுப்புக் கற்களுக்கு அடியில் கிடக்கிறது. நம் பிள்ளைகள் வெறுங்காலோடு மணலில் ஓடித்தான், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி வரைக்கும் போனார்கள். மணல் போன பிறகு மிச்சம் இருப்பது இந்த ஒரு செம்மண் திடல்தான். இதுவும் போனால் சுவரும் இல்லை, சித்திரமும் இல்லை.

இந்த நிலம் வருவாய்த் துறைப் பதிவேட்டில் வெறும் புறம்போக்காக இருக்கிறது. புறம்போக்கு என்றால் நாளைக்கு யாருக்கு வேண்டுமானாலும் ஒதுக்கலாம். 'விளையாட்டு மைதானம்' என்று வகை மாற்றி, ஊராட்சியின் பொறுப்பில் விடச்சொல்லி மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுக்க வேண்டும். வெறும் மனுவைவிடக் கிராம சபைத் தீர்மானத்தோடு போகும் மனுவுக்கு எடை அதிகம். வரும் ஆகஸ்ட் 15 கிராம சபை. தலைவர் அம்மா அந்தத் தீர்மானத்தைப் பொருள் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று இந்தக் கூட்டத்தின் முன்னால் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பங்குப் பேரவையும் தனியாக ஒரு கடிதம் கொடுத்தால் நல்லது, தந்தை அவர்கள் தலையாட்டுகிறார்கள், நன்றி.

தீர்மானத்தில் மூன்று வரி போதும். முழு நிலத்தையும் அளந்து கல் நட வேண்டும். மாலை நான்கு முதல் ஏழு மணி வரை பந்தைத் தவிர வேறெதற்கும் திடலைக் கொடுக்கக் கூடாது. அதில் வாரம் மூன்று மாலை பெண் பிள்ளைகளுக்கு. இந்த மூன்றாவது வரியில் யாரும் கை வைக்காதீர்கள்.

மேடைக்கு இடப்பக்கம், குளிர்பான மேசையில், கையெழுத்துத் தாள்கள் இருக்கின்றன. பெயர், வார்டு எண், கையெழுத்து, அவ்வளவுதான். வாக்காளர் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் போட வேண்டும். பரிசு வாங்க வரும் அணிகள் முதலில் அங்கே போய்விட்டு இங்கே வரட்டும். கிராம சபை அன்று கடலுக்குப் போகாமல் இருங்கள், காலையிலேயே வந்துவிடுங்கள், போன தடவை போலப் பத்துப் பேரை வைத்துக்கொண்டு முடித்துவிட முடியாத அளவுக்கு வாருங்கள். நன்றி, வணக்கம்.