ஸ்போர்ட் பைக் வாங்கப் போகிறீர்களா? முதலில் இந்த வெள்ளைக் கோட்டைப் பாருங்கள்

[காட்சி: பைக்கின் வலது பக்க ஹேண்டில், மிக அருகில். ஆக்ஸிலரேட்டர் பிடியில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு.]

வணக்கம். இந்தப் பிடியில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறேன், பாருங்கள். ஆக்ஸிலரேட்டரைத் திருகத் திருக இந்தக் கோடும் நகரும். பக்கத்தில் ஒரு சின்ன கேமராவைப் பொருத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சாலையில் ஓட்டினேன். 1000 சிசி, நான்கு சிலிண்டர், கிட்டத்தட்ட 200 ஹார்ஸ்பவர் பைக். சாயங்காலம் உட்கார்ந்து பதிவைப் பார்த்தேன். கோடு கால்வாசிக்கு மேல் போகவே இல்லை. லாரியை முந்தும்போது இரண்டு முறை பாதியைத் தொட்டது, அதுவும் இரண்டே நொடி.

அந்த பைக்கை வாங்க மூன்று வருடம் காத்திருந்தேன். அதன் சக்தியில் பெரும்பகுதியை நான் தொட்டதே இல்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அதிலிருந்து, எந்த ஸ்போர்ட் பைக் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நீங்கள் ஓட்டப்போகும் இடத்தில் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு தூரம் திருக முடியும்?

[காட்சி: இரண்டு இன்ஜின்களின் டார்க் வரைபடம். கிடைமட்டத்தில் ஆர்பிஎம்.]

சரி, எண்களுக்கு வருவோம். யமஹாவின் இரண்டு பைக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்6, 599 சிசி, நான்கு சிலிண்டர், சுமார் 118 ஹார்ஸ்பவர். ஆர்7, 689 சிசி, இரண்டு சிலிண்டர், சுமார் 73 ஹார்ஸ்பவர். காகிதத்தில் பார்த்தால் ஆர்6 எங்கேயோ இருக்கிறது. இப்போது டார்க்கைப் பாருங்கள். ஆர்6-க்கு 61.7 நியூட்டன் மீட்டர், அதுவும் இன்ஜின் 10,500 ஆர்பிஎம்முக்கு, அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்றுக்கு, போனால்தான். ஆர்7-க்கு 67 நியூட்டன் மீட்டர், 6,500-லேயே கிடைத்துவிடுகிறது.

டார்க் என்பது இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் கொடுக்கும் முறுக்கு விசை. அந்த விசையோடு ஆர்பிஎம்மைப் பெருக்கினால் வருவதுதான் ஹார்ஸ்பவர். ஆர்6-இன் 118 எங்கிருந்து வருகிறது என்றால், அது 14,500 ஆர்பிஎம் வரை கத்திக்கொண்டே சுழல்வதிலிருந்து வருகிறது. சாலையில் யார் அங்கே போகிறார்கள்? சிக்னலிலிருந்து கிளம்பும்போதும், மூன்றாவது கியரில் ஒரு வளைவை விட்டு வெளியே வரும்போதும், ஆர்பிஎம் முள் 4,000-க்கும் 7,000-க்கும் நடுவில்தான் ஆடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஆர்7 சட்டென்று இழுக்கும். ஆர்6-இல் இரண்டு கியர் குறைக்க வேண்டும். பிக்கப் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது இதைத்தான்.

இது நிறுவனங்களுக்கும் தெரியும். கவாசகி நிஞ்சா இசட்எக்ஸ்-6ஆர் ஏன் 599 இல்லாமல் 636 சிசியில் வருகிறது? பழைய 600 சிசி பந்தய விதிக்கு அது பொருந்தவில்லை. ஆனால் கூடுதலாக இருக்கும் அந்த 37 சிசி, நடு ஆர்பிஎம்மில் இழுவையைக் கூட்டுகிறது. சாலையில் ஓட்டுபவருக்காகச் செய்த ஏற்பாடு அது.

பெரிய பைக்குகளில் இந்த இடைவெளி இன்னும் அதிகம். 2018-ல் வந்த டுகாட்டி பனிகாலே வி4, 1,103 சிசி, 214 ஹார்ஸ்பவர். அந்த 214 கிடைப்பது 13,000 ஆர்பிஎம்மில். லிட்டர் பைக்குகள், அதாவது 1000 சிசி வகை, முதல் கியரிலேயே மணிக்கு 140 கிலோமீட்டரைத் தாண்டும். யோசித்துப் பாருங்கள், பெரும்பாலான சாலைகளில் முதல் கியரைக்கூட முழுதாக ஓட்டி முடிக்க முடியாது. மீதி ஐந்து கியர் எதற்கு?

ட்ராக்குக்கு, அதாவது பந்தயத் தடத்துக்கு. அதற்காகத்தான் அவை செய்யப்பட்டிருக்கின்றன. ஐரோப்பாவில் 2020-க்குப் பிறகு ஆர்6 சாலைக்கு விற்கப்படுவதில்லை, ட்ராக்குக்கு மட்டும்தான். 2025-ல் யமஹாவின் லிட்டர் பைக்கான ஆர்1-உம் அங்கே அதே வழியில் போய்விட்டது. புகை விதிகள் இறுக இறுக, அவ்வளவு ஆர்பிஎம்மில் சுழலும் இன்ஜினைச் சாலைக்கு ஏற்றபடி மாற்றுவது கட்டுப்படி ஆகவில்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் அப்ரிலியா ஆர்எஸ்660 போன்றவை வந்தன. 659 சிசி, இரண்டு சிலிண்டர், முதலில் வந்தபோது 100 ஹார்ஸ்பவர், எரிபொருளோடு சேர்த்து 183 கிலோ. சாலையில் ஒரே பைக், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ட்ராக், இதுதான் உங்கள் திட்டம் என்றால் நான் கைகாட்டுவது இந்த வகையைத்தான். சத்தத்துக்காகவும் பெயருக்காகவும் லிட்டர் பைக் வேண்டும் என்று மனசு கேட்கும். எனக்கும் கேட்டது. அந்த ஆசை தப்பில்லை. ஆனால் வாங்கிய பிறகு தினமும் அதைக் கட்டுப்படுத்தித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். அந்தச் சலிப்பை ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

[காட்சி: ஒருவர் ஸ்டாண்டில் நிற்கும் பைக்கில் உட்கார்ந்திருக்கிறார். மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் மூன்றும் வட்டமிடப்படுகின்றன.]

ஷோரூம் என்றதும் ஒன்று. பைக்கில் ஏறி ஒரு நிமிடம் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லி, கால்களை ஃபுட்பெக்கில் வைத்து, பத்து நிமிடம் அப்படியே இருங்கள். உடம்பின் எடை உள்ளங்கையில் இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு தனித்தனித் துண்டாக இருக்கும் கிளிப்-ஆன் ஹேண்டில்கள் தாழ்வாக இருக்கும் பைக்கில், வேகம் குறையும்போது மார்பைத் தாங்க எதிர்க்காற்று இருக்காது. முழு எடையும் மணிக்கட்டுக்குப் போய்விடும். ட்ராக்கில் இது பிரச்சினையே இல்லை, ஒரு இடத்தில் நிலையாக உட்கார நேரமே கிடைக்காது. நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் விரல் மரத்துப்போகும். அப்புறம் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். இந்த பைக்குகளுக்குத் திருப்பம் குறைவு, வீட்டு வாசலில் ஒரே வீச்சில் திருப்ப முடியாமல் தள்ளித் தள்ளித் திருப்புவீர்கள்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. 1992-ல் ஹோண்டா முதல் ஃபயர்பிளேடைக் கொண்டுவந்தபோது, அதை வடிவமைத்த தடாவோ பாபா சக்தியைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பதில்தான் பிடிவாதமாக இருந்தார். 893 சிசி இன்ஜின், எண்ணெய் தண்ணீர் இல்லாமல் 185 கிலோ. அன்றைய 600 சிசி பைக்குகளின் எடை அது. சக்தியை நேர்ச்சாலையில் மட்டும்தான் உணர்வீர்கள். எடைக்குறைவை பிரேக்கிலும் வளைவிலும் டயர் தேய்மானத்திலும், எல்லா இடத்திலும் உணர்வீர்கள்.

[காட்சி: ட்ராக். கேமரா பைக்கின் பின்னாலிருந்து. ஒரு சின்ன பைக் உள்பக்கமாக நுழைந்து முந்துகிறது.]

இது என் முதல் ட்ராக் நாள். நேர்ச்சாலையில் நான் அந்தச் சின்ன பைக்காரரை விட்டுவிட்டுப் பறக்கிறேன். அடுத்த வளைவில் அவர் என் உள்பக்கத்தில் வந்து நிற்கிறார். அவருடையது 400 சிசி நிஞ்சா. நான் வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக் பிடிக்கிறேன். ஏன் என்றால் வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு, அந்த வேகத்தைப் பார்த்தே எனக்குப் பயம். அவருக்கு அந்தப் பயம் இல்லை. வளைவை விட்டு வெளியே வரும்போது அவர் ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திருகிவிடுகிறார். நான் பின் டயர் வழுக்குமோ என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறேன்.

மதியம் அவரே தன் பைக்கைக் கொடுத்து ஒரு இருபது நிமிடம் ஓட்டச் சொன்னார். அன்றைக்கு நான் கற்றது அந்த இருபது நிமிடத்தில்தான். உடம்பை எப்போது நகர்த்துவது, எங்கே பார்ப்பது, பிரேக்கை எவ்வளவு மெதுவாக விடுவது, இதையெல்லாம் யோசிக்க அந்த பைக் நேரம் கொடுத்தது. உலக சாம்பியன்ஷிப் மேடையிலேயே 2017-ல் சூப்பர்ஸ்போர்ட் 300 என்று ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். இளம் ஓட்டுநர்கள் அங்கே கற்றது இந்த அளவு பைக்குகளில்தான். ட்ராக்குக்கு மட்டும் ஒரு பைக் என்றால் 300-இலிருந்து 400 சிசிக்குள் தொடங்குங்கள். டயர் நீண்ட நாள் வரும், விழுந்தாலும் செலவு தாங்கும்.

பெரிய பைக்தான் என்று முடிவு செய்துவிட்டால், எலக்ட்ரானிக்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆர்1-இல் 2015-ல் வந்த ஆறு அச்சு சென்சாரைப் போன்ற ஒன்று இருந்தால், பைக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஏபிஎஸ்ஸும், பின் டயர் வழுக்காமல் பார்க்கும் ட்ராக்ஷன் கண்ட்ரோலும் அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி வேலை செய்யும். சாலையில் நடு வளைவில் மணலைப் பார்த்து பிரேக் பிடிக்க நேர்ந்தால், அது இருக்கிற பைக்கும் இல்லாத பைக்கும் ஒன்றல்ல. குயிக்‌ஷிஃப்டர் கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற விடும் நல்ல வசதி, ஆனால் அது இல்லை என்பதற்காக ஒரு பைக்கை ஒதுக்காதீர்கள்.

[காட்சி: ஃபோர்க் குழாயில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டை. அதை ரப்பர் சீல் வரை தள்ளிவிட்டு ஒருவர் ஏறி உட்கார்கிறார்.]

இன்னும் நூறு ஹார்ஸ்பவரைவிட இது பயன்படும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் உள்குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, ரப்பர் சீலைத் தொடும்வரை தள்ளிவிடுங்கள். ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி உட்காருங்கள். நண்பர் பைக்கைப் பிடித்துக்கொள்ளட்டும். பைக் தரையைத் தொடாமல் தொங்கும்போது இருந்த நீளத்திலிருந்து ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தால், சுமார் 120 மில்லிமீட்டர் ஓட்டத்தில் 30-இலிருந்து 35 வர வேண்டும். இதற்குப் பெயர் சாக். 50 வந்தால் ஸ்பிரிங் உங்களுக்கு மென்மை. முழுதாக இறுக்கியும் மாறவில்லை என்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். வாங்கும்போது, ப்ரீலோட் (ஸ்பிரிங்கின் இறுக்கம்), கம்ப்ரஷன் (அமுங்கும் வேகம்), ரீபவுண்ட் (திரும்ப விரியும் வேகம்) மூன்றையும் மாற்ற முடிகிற பைக்கா என்று கேளுங்கள்.

டயர் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பள்ளக்கோடுகளே இல்லாத ஸ்லிக் டயர்தான் எப்போதும் அதிகம் பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். அது சூடானால்தான் பிடிக்கும். அதனால்தான் பந்தயத்தில் வார்மர் என்ற சூடாக்கும் உறையைப் போட்டு 80 டிகிரிக்கு மேல் ஏற்றிவிட்டு வெளியே விடுகிறார்கள். சாலையில் அந்தச் சூடு வரவே வராது. அங்கே நல்ல ஸ்போர்ட் டூரிங் டயர் அதைவிட நன்றாகப் பிடிக்கும், மழையிலும் காப்பாற்றும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3522 என்றால் 2022-இன் 35-ஆவது வாரம். பழைய பைக் வாங்கினால் முதலில் அதைப் படியுங்கள்.

பிரேக் ஆயில். இதை நான் உணர்ந்தது நான்காவது சுற்றில். நேர்ச்சாலை முடிகிற இடத்தில் லீவரைப் பிடிக்கிறேன், அது பஞ்சு மாதிரி உள்ளே போய் ஹேண்டிலைத் தொடுகிறது. இரண்டு முறை பம்ப் செய்த பிறகுதான் பிடித்தது. சர்வீஸ் செய்த இடத்தில் ஆயிலை மாற்றிவிட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். திறந்து பார்த்தால் தேநீர் நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் சேர்ந்தால் அந்தத் தாங்குசக்தி 155 டிகிரி வரை இறங்கலாம். ட்ராக்கில் டிஸ்கைப் பிடிக்கும் காலிப்பர் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். கொதித்தால் குமிழி, குமிழி இருந்தால் லீவர் அமுங்கும். ட்ராக்குக்குப் போகும் முன் ஆயிலை நீங்களே கண்ணால் பார்த்து மாற்றுங்கள்.

[காட்சி: ஹேண்டிலைத் திருப்பும் கை. ஸ்டியரிங் ஸ்டாப்பர் மீது டார்ச் வெளிச்சம்.]

கடைசியாக, செகண்ட் ஹேண்ட். ட்ராக்கில் ஓடிய பைக் என்பதற்காகவே பயப்பட வேண்டாம், பல பேர் அவற்றைச் சாலை பைக்கைவிட ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள். இன்ஜின் ஆயில் வடிகால் போல்ட்டில் கம்பி கோக்கும் சின்ன ஓட்டை இருந்தால், அது ட்ராக்கில் ஓடியிருக்கலாம். உரிமையாளர் அதை மறைக்காமல் சொல்கிறாரா என்று பாருங்கள். ஃபேரிங், அதாவது பைக்கை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை, புதிதாக இருக்கலாம், அதை மாற்றுவது எளிது. ஹேண்டிலை முழுதாகத் திருப்பிவிட்டு, ஃபிரேமில் அது முட்டும் ஸ்டாப்பரை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பள்ளமோ, விரிசலோ, அந்த ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயிண்டோ இருந்தால், பைக் பலமாக விழுந்து ஹேண்டில் மோதியிருக்கிறது. பேரத்தில் எவ்வளவு குறைத்தாலும் அந்த ஃபிரேமை வாங்காதீர்கள்.