புலிக்குட்டிக்கு எதற்குச் சிபாரிசு?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பொன்னாடைக்கே அரை நிமிடம் போய்விட்டது, நேரே வருகிறேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்குத் தரும் முன்னுரிமை நியாயம்தான் என்று பேசிய எதிரணி நண்பர், இறங்கும்போது ஒரு கல்லெறிந்தார். "புலிக்குப் பிறந்தது பூனையாகாது. பூனைக்குப் பிறந்தவர்களுக்கு இது புரியாது" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்!

ஒரு புலியின் கதை சொல்கிறேன். 1935. ஜான் கென்னடி ஹார்வர்டுக்கு விண்ணப்பிக்கிறார். ஏன் இங்கே சேர விரும்புகிறாய் என்று கேட்ட இடத்தில் எழுதியது ஐந்தே வாக்கியம். எங்கள் ஊரில் சைக்கிள் தொலைந்த புகாரையே இதைவிட நீளமாக எழுதுவார்கள். அதில் ஒரு வாக்கியம், 'என் தந்தை படித்த கல்லூரியிலேயே நானும் படிக்க ஆசை.' இன்னொன்று, 'ஹார்வர்டு மனிதன் என்பது பொறாமைப்படத்தக்க பெருமை.'

பொறுங்கள், கதை முடியவில்லை. பிரின்ஸ்டனுக்கும் விண்ணப்பித்தார். அங்கே என்ன எழுதினார்? பிரின்ஸ்டன் மனிதன் என்பது பொறாமைப்படத்தக்க பெருமை! ஒரே காதல் கடிதம், பெயர் மட்டும் வேறு. இரண்டு வீட்டிலும் பெண் கொடுத்தார்கள் ஐயா! முதலில் பிரின்ஸ்டனுக்குப் போனார், உடம்பு சரியில்லாமல் திரும்பினார், 1936இல் ஹார்வர்டில் சேர்ந்தார். பின்னாளில் ஜனாதிபதியும் ஆனார், புலிதான், மறுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றே. புலிக்குட்டிக்கு எதற்குச் சிபாரிசு? வேட்டையாடத் தெரிந்தால் எல்லோரும் வரும் வாசலில் வரட்டுமே!

மாணவர் சேர்க்கை பற்றி ஹார்வர்டு மீது நடந்த வழக்கில் வெளிவந்த கணக்கு இது. முன்னாள் மாணவரின் பிள்ளைகளில் 100க்கு சுமார் 33 பேருக்கு இடம், மற்றவர்களில் 100க்கு சுமார் 6 பேருக்கு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் இந்தப் பழக்கத்தைக் கைவிட்டுவிட்டதாக 2020இல் அறிவித்தது. கூரை இடிந்து விழவில்லை.

நண்பரே, நான் பூனைக்குப் பிறந்தவன்தான். கல்லூரியில் சேரப் போனபோது, 'தந்தையின் கல்வித் தகுதி' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அப்பாவிடம் கேட்டேன். "மூன்றாம் வகுப்பு என்று போடு" என்றார். சற்றுப் பொறுத்து, "நான்காம் வகுப்புக்கு வாத்தியார் வரச்சொன்னார், மாடுதான் விடவில்லை என்று போட முடியுமா?" என்றார்.

அன்று பஸ்ஸில் வழிநெடுகப் பயணச் சீட்டின் பின்புறம் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டே வந்தார். ஜன்னலடியில் நின்று எழுதும்போது கை நடுங்கியது. கட்டம் சின்னது, எழுத்து பெரிது. அவர் பெயர் தன் கட்டத்தைத் தாண்டி, 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்று அச்சிட்ட கட்டத்துக்குள் போய் நின்றது.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. அமர்கிறேன்.