'நாளைக்கு நான் லீவு': இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

வணக்கம். 'நாளைக்கு நான் லீவு.' நாம் யோசிக்காமலே சொல்கிற வாக்கியம் இது. ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பலர் 'டுமாரோ ஐ ஆம் லீவ்' என்பார்கள். கொஞ்சம் இலக்கணம் படித்தவர்கள் அதைத் திருத்துவதாக நினைத்து 'ஐ ஆம் லீவிங் டுமாரோ' என்பார்கள். முதலில் சொன்னது தப்புதான், ஆனாலும் கேட்பவர் எப்படியோ புரிந்துகொள்வார். இரண்டாவதில் இலக்கணப் பிழையே இல்லை, அதனால்தான் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், ஏனென்றால் 'நாளைக்கு நான் கிளம்புகிறேன்' என்றுதான் அதற்கு அர்த்தம், அதை அலுவலகத்தில் சொன்னால் வேலையையே விட்டுப் போகிறார் என்று எடுத்துக்கொள்வார்கள்.

என் முதல் வேலையில் நான் இதையே மெயிலில் எழுதி அனுப்பினேன். மேலாளர் தனியாகக் கூப்பிட்டு, 'என்னப்பா, வேற எங்கயாவது கிடைச்சிடுச்சா?' என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மெயிலைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் விளங்கியது. வேலை சம்பந்தமான ஆங்கிலச் சொற்களுக்கு என்று ஒரு நோட்டு போட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

(திரையில் சரியான வாக்கியம்)

'ஐ வில் பி ஆன் லீவ் டுமாரோ.' அந்த 'ஆன்' வந்துவிட்டால் போதும், குழப்பம் தீர்ந்தது. அல்லது 'ஐ ஆம் டேக்கிங் டுமாரோ ஆஃப்' என்று சொல்லலாம், பேச்சில் இது இன்னும் இயல்பாக இருக்கும்.

சரி, 'லீவு' மட்டுமில்லை, வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினாலே நாம் தடுமாறுகிறோம், அது எங்கிருந்து வருகிறது? தமிழில் நமக்கு 'வேலை' என்று ஒரே சொல் இருக்கிறது, அதை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். வேலை தேடுகிறேன், வேலைக்குப் போகிறேன், எனக்கு வேலை இருக்கிறது, ஒரு வேலை கொடுத்தார், வேலை போய்விட்டது. ஆங்கிலத்தில் இந்த ஐந்துக்கும் ஒரே சொல் போதாது. 'ஜாப்' என்பது சம்பளம் வாங்குகிற பதவி, எண்ணக்கூடியது, அதனால் 'எ ஜாப்', 'டூ ஜாப்ஸ்' என்றெல்லாம் சொல்லலாம். 'வொர்க்' என்பது உழைப்பு, அது தண்ணீர் மாதிரி, எண்ண முடியாது. 'ஐ ஹாவ் எ வொர்க்' என்பது நம்மிடம் அதிகம் கேட்கிற தப்பு. 'ஐ ஹாவ் சம் வொர்க் டு டூ' என்றுதான் சொல்ல வேண்டும். முன்னால் 'எ' போட்டுவிட்டால் 'வொர்க்' என்பது ஒரு ஓவியத்தையோ சிற்பத்தையோ குறிக்கும் கலைப்படைப்பு ஆகிவிடும். கொடுக்கப்பட்ட ஒரு குறிப்பிட்ட வேலையைச் சொல்ல 'டாஸ்க்' இருக்கிறது.

வேலை தேடுவதை மட்டும் இரண்டு விதமாகவும் சொல்லலாம், 'லுக்கிங் ஃபார் எ ஜாப்', 'லுக்கிங் ஃபார் வொர்க்', இரண்டும் சரி. ஆனால் வேலைக்குப் போவது எப்போதும் 'கோயிங் டு வொர்க்' தான், 'கோயிங் டு ஜாப்' கிடையாது.

இப்போது 'கரியர்'. இதை நம்மில் நிறையப் பேர் 'கேரியர்' என்று சொல்கிறோம், அது சைக்கிளின் பின்னால் இருக்கிற கேரியர், சுமப்பது என்ற அர்த்தமுள்ள வேறு சொல். 'கரியர்' என்று சொல்லும்போது அழுத்தம் இரண்டாவது அசையில், 'ரி' மேல் விழ வேண்டும். இந்தச் சொல் வந்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். லத்தீனில் 'கார்ரஸ்' என்றால் சக்கர வண்டி, இன்றைய 'கார்' கூட அதிலிருந்து வந்ததுதான். அது பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது ஓட்டப் பந்தயத் தடம் என்ற பொருளில்தான் வந்தது, வாழ்நாள் முழுக்க ஒருவர் செய்கிற தொழிலின் போக்கு என்ற பொருள் பின்னால்தான் சேர்ந்தது. ஜாப் மாறலாம், நாலைந்து தடவை கூட மாறலாம், அத்தனையும் சேர்ந்து போகிற பாதைதான் கரியர்.

அடுத்து, யாராவது 'வாட் டூ யூ டூ?' என்று கேட்டால் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை, என்ன தொழில் என்று கேட்கிறார்கள். 'ஐ ஆம் எ நர்ஸ்' என்று சொல்லலாம், அல்லது 'ஐ வொர்க் ஆஸ் எ நர்ஸ்'. பதவிக்கு முன்னால் 'ஆஸ்', துறைக்கு முன்னால் 'இன்', நிறுவனத்துக்கு முன்னால் 'ஃபார்' அல்லது 'அட்'. 'ஐ ஆம் வொர்க்கிங் ஆஸ் எ நர்ஸ்' என்றால் தப்பு இல்லை, ஆனால் இப்போதைக்கு, தற்காலிகமாக என்ற தொனி அதில் ஒட்டிக்கொள்ளும்.

நேர்முகத் தேர்வில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு பிழை 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019'. இதற்குக் காரணம் நம் தமிழ்தான். '2019லிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம், அது தமிழில் முழுக்கச் சரி. ஆங்கிலத்தில் பழைய காலத்தில் தொடங்கி இன்றுவரை நீடிக்கிற விஷயத்துக்கு வேறு வடிவம் இருக்கிறது. 'ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019.' ஆரம்பித்த வருடத்தைச் சொன்னால் 'சின்ஸ்', எத்தனை வருடம் என்று சொன்னால் 'ஃபார்'. அப்புறம், 'ஐ ஆம் ஹாவிங் ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' வேண்டாம், 'ஐ ஹாவ் ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்'.

(சிறு இடைவெளி)

இந்த வீடியோவை எடுக்க நினைத்ததே இனி சொல்லப்போகிற பகுதிக்காகத்தான், கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

'வேலை போய்விட்டது.' தமிழில் இப்படிச் சொன்னால் யார் மேல் தப்பு என்று தெரியாது, அந்த வாக்கியம் நம்மைக் காப்பாற்றுகிறது. ஆங்கிலத்தில் இதற்குப் பல சொற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. 'ஐ வாஸ் ஃபயர்ட்' என்றால் என் வேலையில் குறை இருந்தது, அல்லது நான் தப்பு செய்தேன், அதனால் நீக்கிவிட்டார்கள். பிரிட்டனில் இதை 'சாக்ட்' என்றும் சொல்வார்கள். 'ஐ வாஸ் லெய்ட் ஆஃப்' என்றால் கம்பெனி ஆட்களைக் குறைத்தது, அதில் நானும் ஒருவன், என் திறமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இதற்கு 'ஐ வாஸ் மேட் ரிடன்டன்ட்' என்பார்கள். தேவையற்றவர் என்பதுபோலக் காதுக்குக் கடுமையாக இருந்தாலும், அந்தப் பதவி இனி தேவையில்லை என்பதுதான் அதன் பொருள், ஆளைப் பற்றிய குறை அதில் கிடையாது.

ஆட்குறைப்பில் வேலை இழந்த நல்ல உழைப்பாளிகள், அடுத்த இன்டர்வியூவில் போய் 'ஐ வாஸ் ஃபயர்ட்' என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். செய்யாத தப்பைத் தாங்களே தங்கள் தலையில் போட்டுக்கொள்கிறார்கள், அதுவும் ஒரே ஒரு சொல்லால். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கும். விளக்கம் எதுவும் சொல்ல விருப்பமில்லை என்றால் 'ஐ லாஸ்ட் மை ஜாப்' என்று சொல்லுங்கள், நம் 'வேலை போய்விட்டது' வாக்கியத்துக்கு மிக நெருக்கமானது அதுதான்.

நாமாக விட்டால் 'ரிஸைன்', பேச்சு வழக்கில் 'க்விட்'. வயதாகி ஓய்வு பெறுவது 'ரிட்டயர்'. 'ஐ ரிஸைன்ட் ஃப்ரம் மை ஜாப்', இங்கே 'ஃப்ரம்' வேண்டும், 'க்விட்' போட்டால் வேண்டாம், நேராக 'ஐ க்விட் மை ஜாப்'. எழுதும்போது ஒரு எச்சரிக்கை: 'ரிஸைன்' நடுவில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டால் அது 'ரீ-சைன்' ஆகிவிடும், மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது, அதாவது நேர் எதிர்!

மீதியை வேகமாகப் பார்த்துவிடலாம். மாதச் சம்பளம் 'சாலரி', மணிக்கணக்கில் அல்லது நாள்கணக்கில் வாங்குவது 'வேஜஸ்'. சம்பளம் கூடினால் அமெரிக்காவில் 'ரெய்ஸ்', பிரிட்டனில் 'ரைஸ்'. 'எம்ப்ளாயர்' வேலை கொடுப்பவர், 'எம்ப்ளாயீ' வேலை செய்பவர். கடைசியில் வருகிற 'ஈ' யைக் கவனித்தால் 'டிரெய்னீ', 'இன்டர்வியூயீ' எல்லாம் தானாகப் புரியும். 'ஸ்டாஃப்' என்றால் மொத்தக் குழு, ஒரே ஆளை 'எ ஸ்டாஃப்' என்று சொல்ல முடியாது, 'எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்'. படிப்பை முடித்ததைச் சொல்ல 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2020' என்று இந்தியாவில் எல்லோரும் சொல்கிறோம், வெளிநாட்டுக்காரர் காதில் அது 2020இல் மயங்கி விழுந்தேன் என்று கேட்கும். 'கிராஜுவேட்டட்' என்று சொல்லிவிடுங்கள்.

என் நோட்டில் முதலில் சொல்லையும் அதன் அர்த்தத்தையும் மட்டும்தான் எழுதிவைத்தேன், ஆறு மாதம் ஆகியும் பேச வரவில்லை. அப்புறம் ஒவ்வொரு சொல்லையும் அதன் துணையோடு சேர்த்து எழுத ஆரம்பித்தேன். 'அப்ளை ஃபார் எ ஜாப்', ஆனால் 'அப்ளை டு எ கம்பெனி'. 'ரெஸ்பான்சிபிள் ஃபார்'. 'அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன்' என்பதற்கு 'ஐ ரிப்போர்ட் டு ஹிம்'. 'ஜாயின் எ கம்பெனி', நடுவில் 'இன்' கிடையாது. அதற்குப் பிறகுதான் வாய் திறந்தால் வாக்கியம் முழுசாக வந்தது.

இப்போது நீங்கள். 'மூன்று வருடமாகக் கணக்காளராக வேலை பார்க்கிறேன், இப்போது புது வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்.' வீடியோவை நிறுத்திவிட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

(பத்து வினாடி மௌனம்)

'ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் ஆஸ் ஆன் அக்கவுன்டன்ட் ஃபார் த்ரீ இயர்ஸ், அண்ட் ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ நியூ ஜாப்.' இதில் 'ஆஸ்' விட்டுப்போயிருந்தால், இன்னொரு தடவை சொல்லிவிட்டு வீடியோவை மூடுங்கள்.