வங்காளத்து பீர்களும் காடு வெட்டின கணக்கும் | ஈட்டன் ஆய்வு, ரெண்டாம் பகுதி

வணக்கம் மக்களே. இன்னைக்கு பிஜாப்பூர் திருகைப் பாட்டோட, அதாவது திருகையில அரைக்கிறப்போ பெண்கள் பாடின சூஃபி பாட்டோட, மிச்சத்தைப் பேசுறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த தடவை. ஏன்னா இந்த வாரம் பூரா ரெண்டு டைப் ஷார்ட்ஸ் மாத்தி மாத்தி வந்துக்கிட்டே இருக்கு. ஒண்ணு, "கிழக்கு வங்காளம் வாளால மதம் மாறுச்சு". இன்னொண்ணு, பின்னாடி கவ்வாலி ஓட, "சூஃபிகள் அன்பால மனசை மாத்துனாங்க". கீழ கமெண்ட்ல நம்ம ஆளுங்க மூணாவதா ஒண்ணு போடுறாங்க, "சாதிக் கொடுமை தாங்காம மாறுனாங்க". மூணுலயும் ஆறு கிடையாது, நெல்லு கிடையாது, நிலப் பத்திரம் கிடையாது. விவசாயி எப்படி முஸ்லிம் ஆனான்னு பேசுறோம், விவசாயத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல!

சரி, இதுக்கு வேற விடை சொல்ற ஆளு யாருன்னு போன பகுதி பார்த்தவங்களுக்குத் தெரியும். ரிச்சர்ட் ஈட்டன், அமெரிக்க வரலாற்றாசிரியர். 1978-ல பிஜாப்பூர் சூஃபிகள், 1993-ல வங்காள எல்லைப்புறம். அந்த ரெண்டாவது புத்தகம் 1204-ல இருந்து 1760 வரைக்கும் போகுது. கம்பெனி ஆட்சி வர்றதுக்கு முந்தியே நிறுத்திடுறார், அதனாலதான் எனக்குப் பிடிக்கும்.

முதல்ல 1872 சென்சஸ். வங்காளத்துல எடுத்த முதல் முழுக் கணக்கு. வெள்ளைக்கார அதிகாரிங்களே ஆடிப்போயிட்டாங்க. சிட்டகாங், நோவாகாலி, பாப்னா, ராஜ்ஷாஹி இங்கெல்லாம் முஸ்லிம்கள் 70 சதவீதத்துக்கு மேல. பொக்ராவுல 80-க்கு மேல. அத்தனையும் கிராமம், அத்தனையும் உழவர். இப்ப மேப்பைப் பாருங்க. டெல்லியில இருந்து எவ்வளவு தூரம்! வாள்தான் காரணம்னா, சுல்தான்கள் நூத்தாண்டு கணக்கா உக்காந்து ஆண்ட டெல்லி, ஆக்ரா பக்கம்தான் அதிகம் இருக்கணும். அங்க குறைவு. ரெண்டு ஓரத்துல, மேற்கு பஞ்சாப்புலயும் கிழக்கு வங்காளத்துலயும்தான் குவிஞ்சிருக்கு. வாள் கதை இங்கயே முடிஞ்சுது.

சாதிக் கதைக்கும் இதே மேப் போதும். பிராமண ஒழுங்கு ஆழமா வேர் விட்டது மேற்கு வங்காளத்துல. கிழக்குல இருந்த மீன்பிடிக்கிறவங்க, காட்டை எரிச்சு இடம் மாத்தி மாத்தி விதைக்கிறவங்க பெரும்பாலும் அந்த ஒழுங்குக்குள்ளயே வரல. உள்ள வராதவன் எப்படி வெளியேறுவான்? அதுமட்டும் இல்ல, "எங்க கிட்ட வாங்க, சமூக சமத்துவம் தர்றோம்"னு அந்தக் காலத்து பாரசீகப் பதிவுகள்ல பேச்சே கிடையாது. அது பின்னாடி வந்த சிந்தனை. இதுக்கு நம்ம ஊர்ல கோவம் வரும்னு தெரியும். வரட்டும்.

அப்ப என்ன நடந்துச்சு? ஆறு நகர்ந்துச்சு. கங்கைத் தண்ணி முன்னாடி பெரும்பாலும் மேற்குல பாகீரதி வழியா, இப்பத்த கல்கத்தா பக்கமா இறங்குச்சு. அந்தக் கால்வாய்கள் மண்ணு மூடிக்கிட்டே வர, 16-ஆம் நூற்றாண்டு முடியுறப்போ பெரும்பங்கு தண்ணி கிழக்கே பத்மாவுக்குப் போயிடுச்சு. அக்பர் அவையில இருந்த அபுல் ஃபசலே கங்கை ரெண்டாப் பிரியுது, ஒரு கிளை பத்மாவதின்னு கிழக்கே போகுதுன்னு எழுதி வெச்சிருக்கார். தண்ணி போன பக்கம் வண்டல் போச்சு, வண்டல் போன பக்கம் நெல்லு போச்சு. மேற்கு டெல்டா காய ஆரம்பிக்குது, கிழக்கு டெல்டா திறக்குது. அதே நேரத்துல முகலாயப் படை வருது. 1576-ல கடைசி ஆஃப்கான் அரசன் தாவூத் கர்ரானி கதை முடியுது. 1610 வாக்குல இஸ்லாம் கான் டாக்காவைத் தலைநகர் ஆக்குறார். ஆறும் அரசும் ஒரே திசையில போனது தற்செயல்தான், ஆனா மொத்த விஷயமும் அதுலதான் தொங்குது.

இந்த இஸ்லாம் கான் யாரு தெரியுமா? ஃபதேபூர் சிக்ரி சலீம் சிஷ்டியோட பேரன். சூஃபி வீட்டுப் பிள்ளையே கவர்னர்! ஆனா மதம் மாத்துற கொள்கையே அவர்கிட்ட இல்ல. அரசாங்கத்துக்கு வேண்டியது ரெண்டு: வரி கட்டுற நெல் வயல், கலகம் பண்ணாத குடி.

இப்ப காடு. ஷார்ட்ஸ் போடுற தம்பிங்க யாரும் ஒரு மரம் வெட்டிப் பார்த்திருக்க மாட்டாங்க போல. டெல்டாக் காட்டைத் திருத்துறது ஒரு சீசன் வேலை கிடையாது. ஆத்துக் கரையில ஆரம்பிச்சு உள்ள போகணும். மரத்தை வெட்டினா பாதி வேலைதான், கீழ இருக்கிற புதரும் நாணலும் விட்டா திரும்ப மூடிடும். அலை ஏறுற இடமா இருந்தா உப்புத் தண்ணி வராம கரை கட்டணும். கரை உடைஞ்சா உப்பு ஏறிடும், அப்புறம் மழை பெஞ்சு அதைக் கழுவுற வரைக்கும் காத்திருக்கணும். நடுவுல புலி. விளைச்சல் வர்ற வரைக்கும் அத்தனை பேருக்கும் சோறு போட்டாகணும். அதாவது ஆள் சேர்க்க ஒருத்தன், முன்பணம் போட ஒருத்தன், நிலம் யாருதுன்னு கேட்டா காட்ட ஒரு காகிதம். ஆள் சேர்க்கிறதும் காகிதம் வாங்குறதும் ஒரே ஆளா இருந்தா, அவன்தான் பீர், அதாவது சூஃபி குரு. முன்பணம் பல இடத்துல இந்து ஜமீன்தார், வட்டிக்காரங்க கிட்ட இருந்து வந்துச்சு. அவங்களுக்குக் கீழ குத்தகை, அதுக்குக் கீழ உள்குத்தகைன்னு அடுக்கு அடுக்கா இறங்கும். இதை யாரும் சொல்றதே இல்ல.

புலின்னு சொன்னேன்ல, சும்மா அலங்காரத்துக்குச் சொல்லல. சுந்தரவனத்துல மரம் வெட்டப் போற குழு புலிக்கு மந்திரம் கட்ட ஒரு ஃபகீரைக் கூட்டிக்கிட்டுப் போற வழக்கம் 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் பதிவாயிருக்கு. அதோட, 1590 வாக்குல முகுந்தராம் எழுதின சண்டி மங்கலம்ங்கிற வங்காளக் காவியத்துல கதாநாயகன் காளகேது காடு திருத்துறப்போ மேற்குல இருந்து ஜாஃபர் மியான்னு ஒருத்தன் 22,000 பேரோட வர்றான். பீர் பேரையும் நபி பேரையும் சொல்லிக்கிட்டே மரம் வெட்டுறாங்க. 22,000-ங்கிறது கவிதைக் கணக்கு, அதைப் புள்ளிவிவரமா எடுத்துக்கிட்டு கமெண்ட்ல சண்டை போடாதீங்க. விஷயம் என்னன்னா, தேவியைப் பாடுற இந்துக் கவிஞன் கண்ணுக்கே காடு வெட்டுறவன்னா பீர் பேர் சொல்ற கூட்டம்னு பட்டிருக்கு.

இப்பதான் எனக்குப் பிடிச்ச இடம். சிட்டகாங்கை முகலாயர்கள் அரக்கான்காரங்க கிட்ட இருந்து பிடிச்சது 1666 ஜனவரி. செப்டம்பர்ல ஒரு சனது, அதாவது வரியில்லா நிலக் கொடைப் பத்திரம். ஷா ஜைனுல் ஆபிதீன்னு ஒருத்தர் மனு போட்டிருக்கார்: என்னை நம்பி நிறைய பேர் இருக்காங்க, பள்ளிவாசல் கட்டியிருக்கேன், நடத்த வழியில்ல. அரசாங்கம் கொடுத்தது ஆறு ஷாஹி துன், எட்டு காணி காட்டு நிலம். வரிக் கணக்குலயே வராத காடு. திருத்தி விளைய வெச்சு அந்த வருமானத்துல பள்ளிவாசலையும் ஃபகீர்களையும் காப்பாத்திக்கணும், அரசு நிலைச்சிருக்க துவா செய்யணும்.

இந்த அளவு. புத்தகத்துல 166.4 ஏக்கர்னு போட்டிருக்கு. எப்படி வந்துச்சு? ஒரு துன் 16 காணி. ஆறு துன் 96, கூட எட்டு, ஆக 104 காணி. நம்ம ஊர்க் காணி 1.32 ஏக்கர்னு பெருக்கினா 137 சொச்சம், ஒட்டல. சிட்டகாங் ஆளுங்க இன்னைக்கும் சொல்ற காணி 40 சென்ட், அதை வெச்சா 41.6 ஏக்கர். நாலுல ஒரு பங்கு! இங்கதான் எல்லாரும் வழுக்குறாங்க. அங்க ரெண்டு காணி உண்டு. 40 சென்ட் மகி காணி, அது அரக்கான் அளவு. ஷாஹி காணி அதைவிட நாலு மடங்கு, 1.6 ஏக்கர். 104-ஐ 1.6-ஆல பெருக்குங்க. 166.4. புள்ளி நாலு வரைக்கும் அச்சு அசலா உக்காருது! இது கிடைச்சதுல இருக்கிற சந்தோஷம் இருக்கே, ஒரு வீடியோவே தனியாப் போடலாம். போட மாட்டேன், பயப்படாதீங்க. ஆனா சனது படிக்கிறவங்க முதல்ல பார்க்க வேண்டியது பேரையோ தேதியையோ இல்ல, அளவுக்கு முன்னாடி 'ஷாஹி'ன்னு இருக்கா இல்லையான்னு.

சரி, 166 ஏக்கர் காடு, நடுவுல ஒரு பள்ளிவாசல். பளிங்குக் கட்டடம்னு நினைக்காதீங்க, பெரும்பாலும் மூங்கிலும் கூரையும்தான். ஆனா அந்தக் கூரையைச் சுத்தி உழுறவங்க எல்லாரும் அதோட ஆளுங்க. நிலம் அடுத்த தலைமுறைக்குப் போகுது, பீர் குடும்பம் ஊர்ப் பெரிய குடும்பம் ஆகுது, பீர் சமாதி தர்கா ஆகுது. முகலாயருக்கு முந்தியே இதுக்கு ஆள் உண்டு. 1459-ல இறந்த பாகேர்ஹாட் கான் ஜஹான். குளம் வெட்டினார், காடு திருத்தினார், இன்னைக்கு மக்கள் கும்புடுற பீர். அவர் கட்டின மசூதிக்குப் பேரு அறுபது குவிமாடம், கூரையில எண்ணினா 77.

ஒண்ணு விட்டுட்டேன், சனதைப் பத்திப் பேசுறப்பவே சொல்லியிருக்கணும். இதே மாதிரி கொடை இந்துக்களுக்கும் போயிருக்கு. பிராமணருக்குக் கொடுத்தா பிரம்மோத்தரம், கோயிலுக்குக் கொடுத்தா தேவோத்தரம். சில்ஹெட் பக்கம் பிராமணர்கள் நிறைய வாங்கியிருக்காங்க. அந்தக் காடு திருந்தினப்போ கோயிலைச் சுத்தி இந்து உழவர் ஊர் உருவாச்சு. யாரு கையில பத்திரம் போச்சோ அந்தப் பக்கம் ஊர் சாஞ்சுது.

மதம் மாறுனதுக்கு ஒரு தேதி தேடாதீங்கன்னு ஈட்டன் சொல்றதும் இதனாலதான். முதல்ல உள்ளூர் தெய்வங்களோட அல்லாவும் பீரும் ஒரு வரிசையில சேர்றாங்க. அப்புறம் ரெண்டும் ஒண்ணுங்கிற கட்டம். சையத் சுல்தான்ங்கிற வங்காளக் கவிஞர் எழுதின 'நபி வம்சம்' காவியத்துல இறைவன் பேரே நிரஞ்சன். வானவர் ஜிப்ரீல் வந்து ஆதம் கிட்ட கலப்பை, நுகத்தடி, விதை, ரெண்டு காளை கொடுத்து இனி உழவுதான் உன் விதிங்கிறார். முதல் மனுஷனே சம்சாரி! பழசை ஒதுக்கித் தள்ளுற கடைசிக் கட்டம் 19-ஆம் நூற்றாண்டு சீர்திருத்தக்காரங்களோட வருது.

பஞ்சாப்புலயும் இதே கதைதான். பாக்பத்தன் சூஃபி பாபா ஃபரீத் 1265-ல இறந்தார். எங்க முன்னோரை அவரே மாத்தினார்னு சியால் ஜாட்கள் சொல்லுவாங்க. ஈட்டன் அவங்க வம்சாவளியில பேர்களை எண்ணினார். 15-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல முஸ்லிம் பேர் 10 சதவீதம். 17-ஆம் நூற்றாண்டு நடுவுல 56, 18 நடுவுல 75, 19 தொடக்கத்துல 100. மேய்ச்சல்ல இருந்து உழவுக்கு வந்த கூட்டம், சங்கிலியில பானை கட்டி இறைக்கிற பாரசீகச் சக்கரம், பக்கத்துல தர்கா. மாத்துனது தர்கா, அதுவும் நானூறு வருஷமா.

குறையே இல்லையா? இருக்கு. சிட்டகாங், சில்ஹெட் பத்திரம் நமக்குக் கிடைக்கக் காரணம், வரிவிலக்கை உறுதி பண்ண வாரிசுகள் கம்பெனி கலெக்டர் கிட்ட காட்டினதுதான். காட்டாதது போச்சு. அதனால இந்த ரெண்டு ஜில்லா வெளிச்சத்தை மொத்த டெல்டாவுக்கும் இழுக்கும்போது பிடி தளருது. பங்களாதேஷ் ஆய்வாளர் அக்பர் அலி கான் வேற வழியில போறார்: கிழக்கு வங்காளத்துல கிராமக் கட்டுப்பாடே தளர்வு, மாறுறவனைத் தடுக்க ஊர் இல்ல. ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிக்கலைன்னுதான் எனக்குப் படுது.

நாகூர் ஏன் பேசலன்னு கேக்குறவங்களுக்கு: அது துறைமுகமும் வியாபாரிகளும், தஞ்சை மராத்தியர் கொடையும். காடு வெட்டின கதை அங்க ஒட்டாது.

கடைசியா, காசு. வங்காளப் புத்தகத்தைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகமே இணையத்துல இலவசமாப் படிக்க வெச்சிருக்கு. இலவசம்! இதோட ஜெராக்ஸை ஸ்பைரல் போட்டு விக்கிறாங்க, அதை வாங்கிட்டு வேற கமெண்ட்ல பெருமையாப் போடுறீங்க. காசு மிச்சம் பண்ணி மேப்பை மட்டும் பெருசா பிரிண்ட் எடுங்க, போன் ஸ்க்ரீன்ல பத்மாவும் பாகீரதியும் ஒரே கோடாத் தெரியும். சனது வர்ற பகுதி பின்பாதியில இருக்கு, முன்னுரையில தேடாதீங்க. திருகைப் பாட்டு அடுத்த வீடியோ.