இரண்டு அட்டை

வணக்கம். கம்பத்தில் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தவன் என்பதால், காப்பீட்டில் வராத செலவுகளைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். டாக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விடியற்காலையில் கம்பமெட்டு ரோட்டில் நின்றால் ஏலத்தோட்டத்து ஜீப்புகளைப் பார்க்கலாம். நம் பக்கத்துப் பெண்கள் தூக்குவாளியோடு ஏறிப்போய், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவார்கள். அப்படிப் போகிற ஒரு அக்காவுக்குச் சர்க்கரை. காலில் அட்டை கடித்த இடம் புண்ணாகி, உணர்ச்சி இல்லாததால் சீழ் வைத்த பிறகுதான் கவனித்திருக்கிறார். அரசுக் காப்பீட்டு அட்டையை நீட்டினார், பதிந்தேன், இரண்டு விரலை எடுத்தார்கள். அவர் கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை.

வீட்டுக்குப் போகிற அன்று டாக்டர் எம்.சி.ஆர். செருப்பு, அதாவது உணர்ச்சி இல்லாத காலுக்கென்று செய்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு, போடச் சொன்னார். "அது அட்டையில் வருமா தம்பி?" வராது. "கட்டு மாற்ற வந்தால் ஒரு நாள் கூலி போகுமே, அது?" அதுவும் வராது. வருஷத்துக்கு 5 லட்சம் வரை தருகிற திட்டம்தான், ஆனால் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு தொகை இருக்கும், செருப்புக்கு இருக்காது. பெரும்பாலும் பெட்டில் படுத்தால்தான் கணக்கே திறக்கும்.

இப்படி வைத்தியத்துக்கு வெளியே ஆகிற செலவைக் கொடுப்பது முடியாத காரியமா என்றால், இல்லை. காசநோய்க்காரர்களுக்குச் சாப்பாட்டுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாய் மத்திய அரசு பேங்க் கணக்கில் போடுகிறது, 2024 நவம்பரிலிருந்து அது 1000. ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்கு அரிசி பருப்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்திருந்தது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம் 2022 முதல் ஏழைகளின் காப்பீட்டுப் பணத்திலேயே காய்கறி, வீட்டு உதவி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டிச் செலவு எல்லாம் கொடுத்தது. 2025-இல் நிதி ஒதுக்காமல் நிறுத்தியும் விட்டார்கள், அது வேறு கதை.

நான் கேட்பது சின்ன விஷயம். விரல் எடுக்கிற தொகையோடு செருப்பையும் நாலு தடவை வந்துபோகிற செலவையும் சேர்த்து எழுதுங்கள். மறுபடி கால் எடுக்க ஆகிற செலவுக்கு முன்னால் இது பஸ் சில்லறை.

அந்த அக்காவுக்கு நாங்களே காசு போட்டு ஒரு ஜோடி வாங்கி வைத்தோம். காய் எடுக்கிற சீசன், மூன்று வாரம் கழித்துத்தான் வந்தார். போட்டுப் பார்த்தால் விரல் இல்லாத காலில் வார் நிற்கவில்லை. அளவெடுத்துத் தைக்கத் தேனிக்குப் போக வேண்டும், அதற்கு இன்னொரு நாள் கூலி.