லெட் செப்பலின்: எங்கிருந்து எடுத்தாங்க, எதை மாத்தினாங்க?

[திரை: பழைய இசைத்தட்டு சுழலுது. ரெண்டு கிடார், ஒரு ஆண் குரல். வேற எதுவும் இல்ல.]

இப்போ நீங்க கேக்குறது 1929ல பதிவான ‘வென் த லெவி பிரேக்ஸ்’. விரலால மீட்டி முன்னணி கிடார் வாசிக்கிறது மெம்பிஸ் மின்னி. பாடுறது கான்சாஸ் ஜோ மெக்காய். லெவின்னா ஆத்து வெள்ளம் ஊருக்குள்ள வராம இருக்க மண்ணைக் கொட்டி உயர்த்தின கரை. 1927ல மிசிசிப்பி ஆறு அந்தக் கரைகளை உடைச்சுக்கிட்டு வந்துச்சு. லட்சக்கணக்கான பேர் வீட்டை இழந்தாங்க. கறுப்பினத் தொழிலாளிகளைக் கரை மேலயே முகாம்ல வெச்சு வேலை வாங்கினாங்க. அந்தப் பின்னணியில வந்த பாட்டு இது.

ஆனா கேட்டுப் பாருங்க, நடை துள்ளலா இருக்கு. பயம் முழுக்க வரிகள்லதான் இருக்கு. தாளத்துல இல்ல.

[திரை: அதே பாட்டு, லெட் செப்பலின், 1971. முதல்ல டிரம்ஸ் மட்டும்.]

42 வருஷம் கழிச்சு இங்கிலாந்துல லெட் செப்பலின்ங்கிற ராக் குழுவோட நாலு பேர் இதே பாட்டை எடுக்கிறாங்க. கிடார் ஜிம்மி பேஜ், குரல் ராபர்ட் பிளான்ட், பேஸ் கிடாரும் கீபோர்டும் ஜான் பால் ஜோன்ஸ், டிரம்ஸ் ஜான் பான்ஹம். வரிகள் பெரும்பாலும் பழசுதான். ஆனா இப்போ வெள்ளம் டிரம்ஸ்ல வருது.

ஒரு இசைக்குழுவோட முன்னோடி யாருன்னு கேட்டா பொதுவா ஒரு பெயர்ப் பட்டியல் கிடைக்கும். பட்டியல் போதாது. பழைய பதிவையும் புதுப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேக்கணும். எது அப்படியே வந்திருக்கு, எது மாறியிருக்குன்னு பிரிச்சுப் பாக்கணும். அந்த மாற்றத்துலதான் குழுவோட சொந்த உழைப்பு இருக்கு. மாறாம வந்த பகுதிக்கு யார் பேரைப் போட்டாங்கங்கிறதையும் சேர்த்தே பாக்கணும். இந்த வீடியோல அதைத்தான் செய்யப் போறோம்.

முதல்ல அந்த டிரம்ஸ். ஹாம்ப்ஷயர்ல ஹெட்லி கிரேஞ்ச்னு ஒரு பழைய கட்டடம். 1795ல ஏழைகளைத் தங்க வெச்சு வேலை வாங்குறதுக்காகக் கட்டினது. வாசல் கூடம் உயரமானது, மூணு மாடிக்கு மாடிப்படி ஏறும். பான்ஹமோட டிரம்ஸ் செட்டை அந்தக் கூடத்துல கீழ வெச்சாங்க. பதிவுப் பொறியாளர் ஆண்டி ஜான்ஸ், பேயர்டைனமிக் எம்160 மைக் ரெண்டை மேல மாடிப்படிகிட்ட இருந்து தொங்கவிட்டார். காலால அடிக்கிற பெரிய பாஸ் டிரம்முக்குன்னு தனி மைக் கிடையாது. அந்த ஒலியை பின்சன் எக்கோரெக்ங்கிற எதிரொலிக் கருவி வழியா விட்டு, சத்தத்தோட ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற கம்ப்ரெஸர்ல நல்லா அமுக்கினாங்க. அதுக்கப்புறம் டேப்பையே மெதுவா ஓட விட்டாங்க. கிடாரும் மவுத் ஆர்கனும் சேறு மாதிரி கனத்து இழுபடுறதுக்கு அதுதான் காரணம். வேகம் குறையும்போது சுருதியும் கூடவே இறங்கும். அதனால சாதாரண சுருதியில கிடாரை வெச்சுக்கிட்டு இந்தப் பாட்டுக்குக் கூடவே வாசிக்கப் பாத்தா ஒட்டாம போகும்.

இதை வீட்டு மாடிப்படியில செஞ்சு பாக்குறவங்களுக்குப் பெரும்பாலும் சிம்பல்ங்கிற உலோகத் தட்டோட சத்தம் மட்டும் இரைச்சலா வந்து நிக்கும். மைக் மேல தப்பு இல்ல. தூரத்து மைக்குக்கு டிரம், சிம்பல்னு பிரிச்சு எடுக்கத் தெரியாது. அறையில எது பலமா கேக்குதோ அதையே எடுக்கும். அதனால வாசிக்கிறவரே டிரம்மை ஓங்கியும் சிம்பலை அடக்கியும் அடிக்கணும். பான்ஹமோட கையிலயே அந்த அளவு இருந்துச்சு. அவர் பாஸ் டிரம் வேற 26 அங்குலம். தூரத்துல தொங்குற மைக்குக்கும் அது தாராளமா கேக்கும்.

சரி, அந்தப் பாட்டுல பேர் யாருக்குப் போச்சு? 1971 ஆல்பத்துல குழுவோட நாலு பேரும், கூட மெம்பிஸ் மின்னியும் இருக்காங்க. 1929 தட்டுல பாடின கான்சாஸ் ஜோ பேர் இல்ல. மின்னிக்குக் கிடைச்ச அளவு கூட மத்த பலருக்கு முதல்ல கிடைக்கல. அதைக் கொஞ்சம் நிதானமா பாக்கணும்.

[திரை: சிகாகோ. செஸ் ரெக்கார்ட்ஸ்.]

வில்லி டிக்சன். மிசிசிப்பியில 1915ல பிறந்து, சிகாகோவுல செஸ் ரெக்கார்ட்ஸ்ங்கிற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாட்டு எழுதி, பேஸும் வாசிச்சவர். 1962ல மடி வாட்டர்ஸ் பாடின ‘யூ நீட் லவ்’ இவர் எழுதினது. லெட் செப்பலினோட 1969 பாட்டு ‘ஹோல் லாட்டா லவ்’ல வர்ற வரிகள்ல பல அங்கிருந்து வந்ததுதான். நடுவுல இன்னொரு படியும் இருக்கு. 1966ல ஸ்மால் ஃபேசஸ் குழு இதே பாட்டை ‘யூ நீட் லவின்’னு பாடியிருந்தாங்க. அதுல ஸ்டீவ் மேரியட் கத்திப் பாடுற விதத்தைக் கேட்டுட்டு பிளான்டைக் கேளுங்க, அந்தத் தொண்டை அடையாளம் தெரியும்.

அப்போ பேஜோட பங்கு என்ன? திரும்பத் திரும்ப வர்ற அந்த கிடார் ரிஃப். அது மடி வாட்டர்ஸ் பதிவுல இல்ல, பேஜ் உருவாக்கினது. வரி ஒருத்தருது, ரிஃப் இன்னொருத்தருதுன்னா ரெண்டு பேர் பேரும் வரணும். முதல் பதிப்புல குழு பேர் மட்டும்தான் வந்துச்சு. 1985ல டிக்சன் வழக்குப் போட்டார். 1987ல நீதிமன்றத்துக்கு வெளிய சமரசம் ஆச்சு. இப்போ அவர் பேரும் இருக்கு.

ஆனா எல்லாத் தப்பும் ஒரே மாதிரி நடக்கல. ‘பேப் ஐம் கான்னா லீவ் யூ’ பாட்டை பேஜ் கேட்டது பாடகி ஜோன் பயஸோட 1962 ஆல்பத்துல. அதுல எழுதினவர் பேர் இல்லாம மரபுப் பாட்டுன்னு போட்டிருந்தாங்க. அதனால லெட் செப்பலினோட முதல் ஆல்பத்துலயும் அது மரபுப் பாட்டாவே போச்சு. உண்மையில எழுதினவங்க ஆன் பிரெடன். தன் பாட்டை இப்படி ஒரு குழு பாடியிருக்குன்னே அவங்களுக்கு 1980கள்லதான் தெரிஞ்சுது. 1990ல இருந்து பேரும் பங்கும் கிடைச்சுது. ஒரு அட்டையில விட்டுப்போன பேர் அடுத்த அட்டையிலயும் விட்டுப்போகும். பழைய பாட்டைப் பதிவு செய்யறவங்க மூலப் பதிவு வரைக்கும் போய்ப் பாக்கணும்னு சொல்றது இதுக்குத்தான்.

‘டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்’ கதை வேற. ஜேக் ஹோம்ஸ் 1967ல அதே தலைப்புல வெளியிட்ட பாட்டு. அந்த வருஷம் நியூயார்க்ல யார்ட்பேர்ட்ஸ் குழுவுக்கு முன்னாடி அவர் மேடையேறிப் பாடினார். யார்ட்பேர்ட்ஸ்ல அப்போ பேஜ் இருந்தார். ஹோம்ஸ் வழக்குப் போட்டது 2010ல. இப்போ ஜேக் ஹோம்ஸோட தூண்டுதல்ல உருவானதுன்னு ஒரு குறிப்பு போடுறாங்க. எங்க பார்வையில அது போதாது. ரெண்டையும் கேட்டா இறங்கி வர்ற அந்த பேஸ் வரியே போதும், எது எங்கிருந்து வந்துதுன்னு சொல்ல.

‘ஸ்டேர்வே டு ஹெவன்’ தொடக்கம் வேற ஒரு குழுவோட பாட்டுல இருந்து எடுத்ததுன்னு போட்ட வழக்கைப் பத்தி நிறைய பேசியாச்சு. 2016ல ஜூரியும் 2020ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் குழுவுக்குச் சாதகமாச் சொன்னாங்க. அவ்வளவு போதும்.

[திரை: அகூஸ்டிக் கிடார், தலைப்பகுதி நெருக்கமா.]

இதுவரைக்கும் பாத்ததுல பெரும்பாலும் புளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களோட இசை. இப்போ அதை விட்டு வேற பக்கம் வருவோம். இந்தக் குழுவைப் பத்திப் பேசும்போது இந்தப் பக்கம் குறைவாத்தான் வெளிய வருது. டேவி கிரஹாம்னு ஒரு பிரிட்டிஷ் கிடார் கலைஞர். 1960களோட தொடக்கத்துல மொராக்கோ போனார். அங்க ஊத்ங்கிற அரபு நரம்பு வாத்தியம் வாசிக்கிறவங்களோட சேர்ந்து வாசிக்க, கிடாரோட சுருதியையே மாத்தினார். தடித்த கம்பியில இருந்து வரிசையா டி, ஏ, டி, ஜி, ஏ, டி. பேஜ் இந்தச் சுருதியை எடுத்துக்கிட்டார்.

கர்நாடக இசை தெரிஞ்சவங்களுக்கு இதை ஒரே வரியில சொல்லலாம். டியை ஸட்ஜமா வெச்சா கம்பிகள் ஸ, ப, ஸ, ம, ப, ஸ. காந்தாரம் எங்கயும் இல்ல. மேற்கத்திய இசையில ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம், மேஜரா மைனரான்னு முடிவு பண்றது அந்தக் காந்தாரம்தான். அது இல்லாததால ஆறு கம்பியையும் வெறுமனே மீட்டினா, தம்பூரா மாதிரி ஸ்ருதி நிக்கும், மேல எந்த மெட்டு வேணும்னாலும் போகலாம்.

வெச்சுப் பாக்குறவங்களுக்கு: சாதாரண சுருதியில இருந்து மூணு கம்பியை மட்டும் ஒவ்வொரு முழு ஸ்வரம் இறக்கணும். ஆறாவது கம்பி ஈயில இருந்து டி. ரெண்டாவது பியில இருந்து ஏ. முதல் கம்பி ஈயில இருந்து டி. நடுவுல உள்ள மூணையும் தொட வேண்டாம். காதால சரிபாக்க, ஆறாவது கம்பியை 12வது ஃப்ரெட்ல அழுத்தினா வெறும் நாலாவது கம்பியோட சேரணும். நாலாவதை 12ல அழுத்தினா வெறும் முதல் கம்பி. அஞ்சாவதை 12ல அழுத்தினா வெறும் ரெண்டாவது.

இதுல ரெண்டு இடத்துல சறுக்கும். கம்பியைத் தளர்த்தி நேரா டியில நிறுத்தினா, வாசிக்க வாசிக்க இன்னும் இறங்கும். டிக்குக் கீழ கொண்டுபோய், அங்கிருந்து முறுக்கி ஏத்தி நிறுத்துங்க, நிக்கும். அடுத்தது, மூணு கம்பி தளர்ந்ததும் கழுத்து மேல இழுவிசை குறையுது. நீங்க தொடாத மூணு கம்பியும் லேசா ஏறிடும். அதனால ஆறையும் ரெண்டாவது சுத்து பாக்கணும். ஆறாவது கம்பி ஃப்ரெட்ல பட்டு கரகரன்னு இரைஞ்சா ஒரு அளவு தடிமனான கம்பி போடுங்க.

இதே சுருதியிலதான் முதல் ஆல்பத்துல ‘பிளாக் மவுண்டன் சைடு’ இருக்கு. தபலா வாசிச்சது விரம் ஜசானி. ஆனா அந்த கிடார் அமைப்பு ஸ்காட்லாந்துக் கலைஞர் பெர்ட் ஜான்ஷ் 1966ல பதிவு செஞ்ச ‘பிளாக் வாட்டர் சைடு’க்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. ஜான்ஷ் ஆறாவது கம்பியை மட்டும் டிக்கு இறக்கி வாசிச்சார். அந்தப் பாட்டை அவருக்குக் கத்துக்கொடுத்தது பாடகி ஆன் பிரிக்ஸ். மெட்டு மரபுல இருந்து வந்தது, விரல் வேலை ஜான்ஷோடது. ஆல்பத்துல பேர் பேஜ் ஒருத்தருக்குத்தான்.

1972ல பேஜும் பிளான்டும் பம்பாய்ல அங்கத்து இசைக் கலைஞர்களோட ‘ஃப்ரெண்ட்ஸ்’, ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ ரெண்டையும் பதிவு செஞ்சு பாத்தாங்க. அது முறையா வெளிவந்தது 2015லதான். தேடிக் கேளுங்க. அவங்க கிழக்கு இசைன்னு கற்பனை பண்ணினதும், அந்த இசைக்குள்ளயே இருக்கிறவங்க வாசிச்சதும் எங்க பொருந்துது, எங்க பொருந்தலைன்னு அதுல தெளிவாத் தெரியும்.

[திரை: டிரம்ஸ். மேலிருந்து.]

பான்ஹம்கிட்ட புளூஸை விட ஜாஸும் ஃபங்க்கும் அதிகம். ‘ஃபூல் இன் த ரெய்ன்’ல அவர் வாசிக்கிறது நியூயார்க் டிரம்மர் பெர்னார்ட் பர்டியோட ஷஃபிள் வகை. ஒவ்வொரு அடியையும் மூணாப் பிரிங்க. ஒண்ணுக்கும் மூணுக்கும் ஹைஹேட், அதாவது ஜோடி சிம்பல். நடுவுல உள்ள ரெண்டுக்கு ஸ்னேர்ல கேட்டும் கேக்காத ஒரு தொடல். நாலு அடிச் சுத்துல மூணாவது அடியில மட்டும் ஸ்னேர் பலமா. அந்த மெல்லிய தொடலை சத்தமா அடிச்சா மொத்த நடையும் நொண்டும்.

‘ராக் அண்ட் ரோல்’ பாட்டோட டிரம்ஸ் தொடக்கம் லிட்டில் ரிச்சர்டோட 1957 பாட்டு ‘கீப் எ நாக்கின்’ல இருந்து வந்தது. வேற ஒரு பாட்டை எடுக்க முடியாம திணறிக்கிட்டிருந்த நேரத்துல பான்ஹம் சும்மா அதை அடிக்க, பேஜ் கிடாரோட உள்ள வந்தார். இதைக் கத்துக்கிறவங்க முதல் அடியை ஒண்ணுன்னு எண்ணிடுவாங்க. அப்போ கிடார் தப்பான இடத்துல வர்ற மாதிரி கேக்கும். எடுப்பு உண்மையில மூணாவது அடிக்கும் நாலாவது அடிக்கும் நடுவுல இருக்கு. ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ன்னு மனசுக்குள்ள எண்ணி, மூணு தாண்டின அரை அடியில தொடங்குங்க, சேரும்.

[திரை: கருமை. ‘காஷ்மீர்’, 1975.]

கடைசியா இது. இவங்க யாரும் அதுவரைக்கும் காஷ்மீருக்குப் போனதில்ல. தெற்கு மொராக்கோவுல முடிவே இல்லாத பாலைவன ரோட்டுல கார்ல போகும்போது பிளான்ட் எழுத ஆரம்பிச்ச வரிகள். கிடார், டேவி கிரஹாமோட அதே ஸ, ப, ஸ, ம, ப, ஸ.

ரிஃப்ல ஸட்ஜமம் அசையாம நிக்குது. மேல ஒரு ஸ்வரம் மட்டும் பஞ்சமத்துல இருந்து சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம்னு படிப்படியா ஏறி, திரும்பவும் கீழ வந்து தொடங்குது. ரிஃப் மூணு மூணா நடக்குது. பான்ஹம் நாலு நாலா அடிக்கிறார், அதுவும் மிக எளிமையா. அவர் ரிஃபுக்கு வளைஞ்சு கொடுத்திருந்தா இந்தப் பாட்டு ஒரு சாதாரண மூணு எண்ணிக்கைப் பாட்டா முடிஞ்சிருக்கும்.

வலது கையால நாலு தட்டுங்க, வாயால ‘தகிட தகிட’ சொல்லுங்க. கை மூணு சுத்து முடிக்கும்போது வாய் நாலு தகிட முடிச்சிருக்கும். 12. ரெண்டும் ஒரே இடத்துல விழும். இப்போ பாட்டைப் போட்டு, அந்த இடத்துல கையை நிறுத்திக் கேளுங்க.

[ஒலி மட்டும். திரை இருட்டாவே இருக்கு.]