எத்தனை வீடு போனீங்க? – சமய அமைப்புகளில் கண்காணிப்பும் களப்பணியாளரும்

[திரையில்: மாத அறிக்கைப் படிவம். பேனா முனை ஒரு கட்டத்தின் மேல் நிற்கிறது.]

குரல்: இந்த ஃபார்மைப் பாருங்க. ஒரு சமய அமைப்போட களப்பணியாளர் மாசக் கடைசியில நிரப்பித் தர்றதுன்னு வெச்சுக்குவோம். மூணாவது கட்டத்துல ஒரு கேள்வி: "சந்தித்த வீடுகள் எத்தனை?" போன மாசம் 40. இந்த மாசம் 26.

ஏன் குறைஞ்சது? ஒரு வீட்டுல பக்கவாதம் வந்து படுத்திருக்கிற பெரியவர். எந்த மாத்திரை எப்போன்னு சீட்டைப் படிச்சுச் சொல்ல ஆள் இல்லை. நம்ம பணியாளர் பல சாயங்காலம் அங்கேயே உட்கார்ந்துட்டார். அதை எழுத ஃபார்ம்ல இடம் கிடையாது. மேலேருந்து வந்தது ஒரே வரி: "எண்ணிக்கை ஏன் குறைவு?"

அடுத்த மாசம் 45 வரும் பாருங்க. வாசல்ல நின்னபடியே நலம் விசாரிச்சுட்டு நகர்ந்துடுவார். பொய்க் கணக்கு இல்லை, 45 வீட்டுக்கும் போனது நிஜம்தான்.

1975-ல பொருளாதார நிபுணர் சார்ல்ஸ் குட்ஹார்ட் பணக் கொள்கையைப் பத்தி இதையேதான் சொன்னார்: ஒரு அளவைப் பிடிச்சு ஆட்டி வைக்க ஆரம்பிச்சா, அந்த அளவு நம்பகத்தை இழந்துடும்.

[திரையில்: கண்காணிப்பு | மதிப்பீடு]

வேலை நடக்கும்போதே தொடர்ந்து பார்த்துக் குறிச்சுக்கிறது கண்காணிப்பு. ஒரு கட்டத்துல நின்னு, நெனச்ச மாற்றம் வந்துச்சா, ஏன் வரலைன்னு அலசுறது மதிப்பீடு. அவ்வளவுதான் வித்தியாசம். நம்ம மொழியில சிக்கல் என்னன்னா, கண்காணிப்புன்னதும் தோட்டத்துக் கங்காணி ஞாபகம் வந்துடுறார்!

சமய அமைப்புல இந்தக் கூச்சம் இன்னும் அதிகம். பலர் சம்பளத்துக்காக வந்தவங்க இல்லை. "சேவைக்குக் கணக்கா? மேல இருக்கிறவர் பார்த்துக்கிட்டுதானே இருக்கார்?"னு கேப்பாங்க. நியாயமான வருத்தம்தான். ஆனா இதுக்குப் பின்னால இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு. பக்தியே மதிப்பெண்ணா மாறிடுது. வழிபாட்டுக்குத் தவறாம வர்றவர் நல்ல பணியாளர்னு பேர் வாங்கிடுவார். அவர் பொறுப்புல இருக்கிற முதியோர் இல்லத்துல என்ன நடக்குதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. மேலதிகாரியே குருவாவும் இருந்தா, "திட்டம் சரியாப் போகலை"ன்னு சொல்றது கீழ்ப்படியாமை மாதிரி ஆயிடும். அப்புறம் எல்லா ரிப்போர்ட்டும் நல்ல ரிப்போர்ட்தான்.

[திரையில்: அதே படிவம், பக்கத்தில் புதிய கட்டம்: "வழிபாட்டுக்கு வந்தவர்கள்"]

இந்தக் கட்டம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கலை. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் பேரிடர் உதவிக்காக 1994-ல ஏத்துக்கிட்ட நடத்தை விதி, எந்தச் சமய நிலைப்பாட்டைப் பரப்பவும் உதவியைப் பயன்படுத்தக் கூடாதுங்குது. ஆனா அரிசி மூட்டைக் கணக்குக்குப் பக்கத்துலயே இந்த எண்ணும் இருந்தா, யாருக்கு முதல்ல கொடுக்கணும்னு யாரும் வாயால சொல்ல வேண்டியதில்லை. ஃபார்மே சொல்லிடும்.

சரி, வேற வழி? 1990-கள்ல வங்காளதேசத்துல, சிசிடிபி என்கிற கிறிஸ்தவ வளர்ச்சி அமைப்போட சேர்ந்து ரிக் டேவிஸ்ங்கிற ஆய்வாளர் ஒரு முறையை உருவாக்கினார். போன மாசம் மக்கள் வாழ்க்கையில நடந்ததுல முக்கியமான மாற்றம் எது, ஏன் அதை முக்கியம்னு நினைக்கிறீங்கன்னு களப்பணியாளர்கள் கதையா எழுதணும். ஒவ்வொரு மட்டத்துலயும் கூடிப் பேசி சிலதைத் தேர்ந்தெடுத்து மேலே அனுப்புவாங்க. எதை எடுத்தாங்க, எதுக்காக எடுத்தாங்கங்கிறது கீழே திரும்பி வரணும்.

அந்தத் திரும்பி வர்றதுதான் எனக்கு முக்கியமாப் படுது. தன் ரிப்போர்ட்டை யாரோ படிச்சாங்க, அதனால ஏதோ மாறுச்சுன்னு தெரிஞ்சவர் அடுத்த தடவை உண்மையை எழுதுவார். கதை மட்டும் போதாது, நல்ல முடிவுள்ள கதையாப் பொறுக்கிடுவோம். எண்ணும் கூடவே வேணும். சரிப்படாம போனதுக்கும் ஒரு கட்டம் வேணும்.

[திரையில்: மாதக் கூட்டம். நடுவே அதே படிவம்.]

புதுசா மென்பொருள் வாங்குறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க. மாதக் கூட்டத்தோட முதல் அரை மணி நேரம், போன மாச ரிப்போர்ட்டை எழுதினவங்களையே வெச்சுக்கிட்டுப் படிங்க. அங்க 26 ஏன்னு கேள்வி வந்தா, அந்தப் பெரியவரைப் பத்தின பேச்சு தானா வெளிய வரும். சீட்டைப் படிச்சுச் சொல்ல அந்தத் தெருவுலயே வேற யாரைக் கேக்கலாம்னு பேச்சு நகரும்.